ஏழாம் தாளில் அண்ணன் வீடு

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று, மேற்கேயிருந்து. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மேசையெல்லாம் மண். முத்தையாபுரத்தில் ஆபீஸ் பிடித்த மகராசன் யாரோ, அவனைச் சொல்ல வேண்டும். பேனாவில் மறுபடி அடைப்பு. வெந்நீரில் போட்டு, உள்ளே கம்பி டிக் டிக் என்று கேட்கிற வரைக்கும் ஆட்டி, மை ஊற்றி. பாதிக் காலை அதிலேயே போச்சு.

சாலை வரைபடத்தின் ஆறாம் தாள் முடிந்தது. வாங்கிப் போக இன்ஜினீயரின் டிரைவர் வந்தான். எழுத்துப் பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் விசையைத் தட்டத் தட்டச் சின்னக் கண்ணாடியில் எழுத்து ஓடுகிறது, பொத்தானை அமுக்கியதும் பெட்டியின் ஒற்றைக் கை பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளில் எழுதுகிறது.

"என்னக்கா, பேய் மாதிரி தானா எழுதுது?"

"பேய்னா டீ கேக்காது தம்பி. இதுக்கு நான் மைய ஊத்திக்கிட்டே இருக்கணும்."

கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நிமிசமாமே என்றான். ஆபீஸ் பொறுப்பைப் பார்க்கிற சங்கரலிங்கம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கினார். சாலைக்காரர்களின் மூலத்தாள் பழசு, மூலையில் வரிசையாக முத்திரையும் கையெழுத்தும். புதுத்தாள் எடுத்தால் அத்தனை பேரிடமும் திரும்பப் போய் நிற்க வேண்டும். அதனால் அதே தாளில், அதே எழுத்தில். மேசை அகலத்துக்கு இருக்கிற அந்தத் தாளை எந்த டைப்ரைட்டருக்குள் நுழைப்பது. ஆகவே நான், பெட்டி, தப்பைச் சுரண்ட ஒரு பழைய ரேசர் பிளேடு.

வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, சலவை சோப்பு, இவருக்கு மாத்திரை.

ஜூலை 9, புதன்

ஏழாம் தாள். விரித்ததும் ஒரே சந்தோசம். எங்கள் ஊர்! மாதா கோயில், சிலை வைத்த கெபி, வலை பின்னுகிற கொட்டகை, நான் விழுந்து முழங்காலைப் பேர்த்த சந்து. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இங்கனதான் சார் நான் பிறந்தது." அவரும் சும்மா தலையாட்டினார், பாவம்.

மத்தியானம் அந்தச் சந்தோசம் போச்சு. துறைமுகச் சாலை அகலமாகிற கோட்டுக்குள் வருகிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ஆங்கிலச் சொல் அடிக்க வேண்டும். அளந்தவர்கள் எழுதித் தந்த குறிப்பைப் பார்த்துத்தான். 'ஹவுஸ்' என்றிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு இடத்தில் வீடு. கோயிலுக்கு மேற்கே வரிசையாக ஹவுஸ், ஹவுஸ், ஹவுஸ். அண்ணன் வீட்டுக்கு மட்டும் 'ரூயின்'. இடிந்த கட்டடம். ஆள் குடியில்லை. இடிந்ததற்கு ஒன்றும் கிடையாது, ஒரு செங்கல் கூட.

யாரைச் சொல்ல? அளந்த நாள் கொடியேற்று. ஊர் முழுக்கக் கோயிலில். நாய் கூடத் தெருவில் இருந்திருக்காது. இந்தப் புண்ணியவான் சேவியர் அண்ணனோ, திருவிழாவுக்கு முன்னால் கான்கிரீட் போட்டு விடுவேன் என்று கூரை ஓடுகளையெல்லாம் பிரித்துப் போட்டிருந்தான். எங்கள் ஊரில் திருவிழா என்றால் வீட்டுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும், சொந்தக்காரர்கள் வருவார்களே. சென்ட்ரிங் பலகை கிடைக்கவில்லை. திருவிழா வந்தது, போனது, வீடு மொட்டையாகவே நின்றது. குடும்பம் மதினியின் அக்கா வீட்டில் படுத்துக் கிடந்தது. அளக்க வந்தவன் பார்த்தது நாலு சுவரும் வானமும். கேட்க ஆள் இல்லை. எழுதிவிட்டுப் போய்விட்டான்.

அந்த ஒரு வீட்டை மட்டும் அடிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

சாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எரிச்சல்.

"நம்ம வேல எழுத்துப் போடுததும்மா. என்ன எழுத்துன்னு அளந்தவன் சொல்லணும்."

"தப்பா சொன்னா?"

"தப்பா சொன்னாலும்."

ஆனாலும் என் முன்னாலேயே இன்ஜினீயருக்குப் போன் போட்டார். அளந்த ஆட்கள் வேறு ஊருக்குப் போயாச்சு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம். சனிக்கிழமைக்குள். தாள் செவ்வாய்க்கிழமை போய்விடும், போனால் போனதுதான்.

சாயங்காலம் நேரே ஊருக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே. அண்ணன் சென்ட்ரிங் பலகைக்கு நடுவில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை கான்கிரீட் என்று ஒரே குஷி. சங்கு குளித்துக் குளித்துச் சிவந்த கண்ணு, சிரித்தால் இன்னும் சின்னதாகிறது. விசயத்தைச் சொன்னேன். சிரிப்பு நிற்கவில்லை.

"அந்த மிஷின்ல அடிக்கது யாரு?"

"நான்தாண்ணே, ஆனா..."

"பெறகு என்னளா? நீ இருக்கும்போது எனக்கு என்ன? மாத்திப் போடு."

"நான் மாத்த முடியாதுண்ணே. அவன் எழுதிக் குடுத்தத அடிக்கதுதான் என் வேல."

"ஒன் கையிலதான இருக்கு?"

என் கையில் என்ன இருக்கிறது என்று எப்படிப் புரிய வைப்பது. மதினி காப்பி கொண்டு வந்தாள். அவளிடமும் சொன்னேன். "ஒங்க அண்ணன் சொல்லுததும் சரிதான" என்றாள். அவர்களுக்கெல்லாம் எழுதுகிறவள்தான் தீர்மானிக்கிறவள். ஆபீசில் நான் ஒரு பேனா அடைப்புக்குச் சமம் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஜூலை 11, வெள்ளி

பெட்டி நின்றுபோனது! கை பாதி எழுத்தில் அப்படியே. எனக்கு வந்த சந்தோசத்தை யாரிடம் சொல்ல. ரிப்பேர்காரர் மதுரையிலிருந்து வர வேண்டும், ஒரு வாரம் ஆகும், தாள் தள்ளிப் போகும், மனு போய்ச் சேரும். மாதாவே, நீ இருக்கிறாய் என்று கண்ணை மூடினேன். கண்ணைத் திறப்பதற்குள் சார் மூடியைக் கழற்றி, ஊதி, உள்ளே ரப்பர் பேண்டைச் சுற்றி ஓட விட்டுவிட்டார். மண்தானாம். அவர் முகத்தில் என்ன பெருமை! சவம், இன்றைக்கா அந்தக் கை வேலையெல்லாம் காட்ட வேண்டும்.

அண்ணனுக்கு ஐந்தாறு தடவை போன். எடுத்தது ஒரு தடவை. "மணல் வருதுளா, வை." வைத்துவிட்டான்.

இவரிடம் சொல்லி அழுதேன். கிரேன் ஷிப்ட் முடித்து வந்த களைப்பு, சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். மனுவை நீயே எழுதிக் கொண்டு போ, கையெழுத்து மட்டும் வாங்கு என்றார். அதுவும் சரிதான். எழுதி வைத்தாயிற்று. நல்ல தமிழில், மரியாதையாக.

ஜூலை 12, சனி

லீவு சொல்லிவிட்டு ஊருக்கு. கான்கிரீட் கலவை இயந்திரத்தின் இரைச்சல் தெருமுனை வரைக்கும். ஆட்கள் வரிசையாகச் சட்டி கைமாற்றுகிறார்கள். ஒரு பக்கம் அண்டாவில் பிரியாணி. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போயிருந்தார்.

அண்ணன் மேலே. கீழிருந்து கத்தினேன். கையை ஆட்டினான்.

"அண்ணே, எறங்கி வா. இன்ஜினீயர் ஆபீஸ மூடிருவான். வந்து ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்."

"கான்கிரீட்ட நடுவுல விட்டுட்டு வரவா? கோட்டிளா ஒனக்கு. விரிசல் விட்டுரும்."

அதுவும் நியாயம். பாதியில் நிறுத்தினால் கூரை போச்சு. ஏணியில் பாதி ஏறிப் பேப்பரை நீட்டினேன். என் வாயை அடைக்கத்தான் கையெழுத்துப் போட்டான், சிமெண்ட் விரலோடு. அப்புறம் ஊருக்கே கேட்கிற மாதிரி: "எல்லாரும் பாத்துக்கிடுங்க. மேப்புல நம்ம தெருவுக்கு எழுத்துப் போடுதது என் தங்கச்சிதான்!"

ஒரு கிழவர், "அப்ப எங்க வீட்டையும் பாத்துக்கோ தாயி" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவர் வீட்டுக்கு ஹவுஸ் அடித்தாயிற்று, அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவா?

பஸ் கிடைத்து, லாரி நெரிசலில் நின்று, டவுனில் இறங்கி ஓடி. இன்ஜினீயர் ஆபீஸ் கதவு பூட்டு. காவலாளி பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மத்தியானத்தோட சரிம்மா. திங்கக்கெழம வாங்க."

"திங்கக்கெழம வாங்குவாங்களா அண்ணாச்சி?"

"வாங்குவாங்க. அடுத்த தடவைக்கின்னு வைப்பாங்க."

பிரியாணி பொட்டலம் பையிலேயே கிடந்து வாடை அடித்தது. பஸ் ஸ்டாண்டில் நாய்க்குப் போட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை. பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. துணி துவைத்தேன். தலைவலி.

இவர் பேப்பர் படித்துக்கொண்டே சொல்கிறார்: "ஹவுஸ்னே அடிச்சிரு. அவ்ளோ பெரிய தாள்ல ஒரு வீட்ட எவன் பாக்கப் போறான்?"

"சார் பாப்பாரு."

"அவருக்கு என்ன, ஒங்க அண்ணன் வீட்டு மேல கோவமா?"

கோபப்பட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் அந்த நினைப்பு எனக்குப் புதன்கிழமையிலிருந்தே இருக்கிறது. இவர் சொன்னதும் ஏதோ திருடினதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி கோபம். குழம்பில் உப்பு இரண்டு தடவை.

ஜூலை 14, திங்கள்

காலையில் மனுவைக் கொடுத்தாயிற்று. வாங்கினார்கள். காவலாளி சொன்னது சரி, "அடுத்த திருத்தத்துல பாப்போம்" என்றாள் மனு வாங்குகிற பிள்ளை, தலை நிமிராமல். அடுத்த திருத்தம் எப்போது? அவளுக்கும் தெரியாதாம்.

ஆபீஸ் வந்து நேரே பெட்டியில் உட்கார்ந்தேன். ஹவுஸ். அடித்தே விட்டேன். பெட்டியின் கை கொஞ்சமும் தயங்கவில்லை. அழகாக, அக்கம் பக்கத்து எழுத்துகளோடு எழுத்தாக. பொய் என்று யார் சொல்வது? பொய்யும் இல்லையே. அது வீடுதானே.

மாலையில் சார் சரிபார்த்தார். ஸ்கேலை வைத்து வரிவரியாகக் குறிப்போடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கோயிலுக்கு மேற்கே வந்ததும் ஸ்கேல் நின்றது. நான் பேனாவைக் கழுவுகிற மாதிரி நின்றேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் திரும்பச் சண்டை போட்டிருப்பேன். "ஒங்க அண்ணன் வீடுன்னு தெரியும்மா" என்றார். "இது ஒண்ணு மாறினது தெரிஞ்சா ஏழு தாளையும் தள்ளிருவான். மத்தவங்க வீடும் சேந்து தொங்கும்." எனக்கு அந்தக் கிழவரின் முகம் வந்தது.

அவரே பிளேடை எடுத்துச் சுரண்டினார். மெதுவாக, தாள் கிழியாமல். நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். அப்புறம் என்னைப் பார்த்தார். நானே உட்கார்ந்து அடித்தேன். ரூயின்.

சுரண்டிய இடம் மை குடிக்கும், எவ்வளவு தேய்த்தாலும். ஊறிப் பரவிவிட்டது. தாள் முழுக்க மெல்லிய எழுத்து, அது ஒன்று மட்டும் கன்னங்கரேல் என்று தடியாக. சும்மா விட்டிருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக இருந்திருக்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுபடி சுரண்டலாமா என்றேன். ஓட்டை விழுந்துவிடும் என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று இன்னும் பலம். டிரைவர் தாளுக்கு வந்து காத்திருந்தான். சுருட்டப் போகிற நேரம் பார்த்து வாசலில் அண்ணன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு முழுச் சீலா மீன், பனை ஓலையில் சுற்றி. சாருக்காம்.

"எங்கனளா நம்ம வீடு? காட்டு பாப்போம்."

படிக்கிற கண்ணாடி கொண்டு வரவில்லை. தேவையும் இல்லை அவனுக்கு, கடற்கரைக் கோட்டைப் பார்த்ததும் கோயிலைப் பிடித்துவிட்டான். அங்கிருந்து மேற்கே விரல் நகர்ந்தது. நின்றது.

"இதான? ஏளா! எல்லாரு வீட்டுக்கும் எறும்பு ஊந்த மாதிரி. நம்ம வீட்டுக்கு மட்டும் என்னமா கறுப்பா, தடியா!"

டிரைவரைப் பார்த்து, "என் தங்கச்சி அடிச்சது" என்றான்.

சொல்லிவிட்டேன். "அண்ணே, அதுல இடிஞ்ச கட்டடம்னு போட்டிருக்கு."

சிரித்தான். "சனிக்கெழம கான்கிரீட் போட்ட வீட்டையா?"

"சத்தியமாண்ணே. மாத்திப் பாத்தேன். முடியல."

என் முகத்தை உற்றுப் பார்த்தான். சாரைப் பார்த்தான். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஏதோ விளங்கிவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு கிட்டே வந்து, ரகசியமாக: "சரிளா, சரிளா. ஆபீஸ்ல வச்சு அப்படித்தான் சொல்லணும். எனக்குப் புரியாதா?" என் தலையைத் தட்டிக் கொடுத்தான். "அவள ஏசிராதிய சார், நம்ம பிள்ள."

சார் தாளைச் சுருட்டிக் குழாயில் போட்டு மூடினார். நீளமான குழாய், வாசலில் காற்று பிடுங்குகிறது, டிரைவர் தடுமாறினான். அண்ணன் ஓடிப்போய் வாங்கிக்கொண்டான். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து, ஜீப் வரைக்கும் நடந்து, பின் சீட்டில் படுக்க வைத்தான்.

"பாத்துக் கொண்டு போ மக்கா. எங்க வீடு இருக்கு அதுல."