உன் தகர டப்பா

இன்று காலை அலமாரியின் மேல்தட்டிலிருந்து உன் தகர டப்பாவை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் அதே வாசனை. மேல்கோட்டைப் பிறந்தகத்திலிருந்து உன் மன்னி புளியோதரைப் பொடி போட்டு அனுப்பிய டப்பா அல்லவா? மிளகும் எள்ளும் பெருங்காயமும் கலந்த அந்த நெடி இத்தனை வருடங்களாகியும் போகவில்லை. எத்தனையோ தடவை வெயிலில் வைத்துப் பார்த்தேன். சில நாள் போய்த் தொலையாதா என்றிருக்கும், சில நாள் போய்விடுமோ என்று பயமாக இருக்கும்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் மைசூரில் அந்தப் பெண்கள் மிடில் ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர்களாகச் சேர்ந்தோம். நான் ரயில்வே கார்டின் மகள், நீ அக்ரஹாரத்தில் அண்ணா வீட்டில் தங்கியிருந்தவள். இருவருக்கும் தற்காலிக வேலை. வருடக் கடைசியில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்குவார்கள், அதுவும் இன்ஸ்பெக்ட்ரஸ் எழுதுவதைப் பொறுத்து என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். மற்றவளுக்கு எந்த ஊர் கிடைக்கிறதோ அந்த ஊர். நாம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. நீ பேசாதது உன் பெருந்தன்மை. நான் பேசாதது பயத்தினால்.

என் பாடக் குறிப்பு நோட்டு ஞாபகமிருக்கிறதா? சிவப்பு மையில் கோடு போட்டு நிமிஷக் கணக்கில் எழுதுவேன். முதல் ஐந்து நிமிஷம் தலைப்பை எழுதுவது, அடுத்த மூன்று நிமிஷம் இன்ன பெண்ணைக் கேள்வி கேட்பது, இப்படி. நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நடுவுல தும்மல் வந்தா எந்த நிமிஷத்துல தும்முவே?" என்று சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. உன் நோட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு வரிகூட இருக்காது. சரியான சோம்பேறி என்று நினைத்தேன்.

அப்புறம்தான் டப்பாவைக் காட்டினாய். பூட்டு தொலைந்த சாவி, உடைந்த வளையல், ரயில் டிக்கெட், டோங்கா வண்டிக் குதிரையின் பித்தளை மணி, தசராவில் பொறுக்கிய காகிதக் கொடி, ஒற்றைக் குழந்தைச் செருப்பு. ஒவ்வொரு பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அது யாருடையது, எப்படித் தொலைந்தது என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லலாம், ஆனால் சும்மா இருக்கக் கூடாது. "மழை கொட்டறது, பாதிப் பொண்கள் வரல்லை, பக்கத்துக் கிளாஸையும் நம்ம தலையில கட்டறா. அன்னிக்கு என்ன பண்றதுன்னு உன் நோட்டுல இருக்கா?" என்று கேட்டாய். இல்லை. அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. மண்டி மொஹல்லாப் பேட்டையில் எலி செத்து விழுந்துவிட்டது, பிளேக் வருகிறது என்று முந்தின நாளே ஜனங்கள் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள். நாற்பது பேரில் பதினொரு பெண்கள் வந்திருந்தார்கள். நான் பழக்கி வைத்திருந்த கெட்டிக்காரிகள் ஒருத்தியும் இல்லை. அப்போது பார்த்து வாசலில் இன்ஸ்பெக்ட்ரஸின் வண்டி.

உன் வகுப்புக்கு ஓடி வந்தேன். "இன்ஸ்பெக்ட்ரஸ் வந்துட்டாங்க. என் பிள்ளைங்க யாருமே வரல. நான் என்ன செய்வேன்?" என்றேன். உன் வகுப்பிலும் பாதி காலிதான். உன் மேஜை மேல் டப்பா திறந்தே இருந்தது. நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மூடியை அழுத்தி மூடி என் கையில் திணித்தாய். "எடுத்துண்டு போ. நான் எப்படியாவது பாத்துக்கறேன்."

அன்று ஒரு டோங்காக்காரர் மகள் குதிரை மணியை எடுத்தாள். வருடம் முழுக்க வாய் திறக்காத பெண். அப்பாவின் குதிரைக்கு உடம்பு சரியில்லை, அப்பா லாயத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று திக்கித் திக்கி இங்கிலீஷில் சொன்னாள். இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அருமை. இது உங்கள் சொந்த யோசனையா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அங்கிருந்து நேரே உன் வகுப்புக்குத்தான் போனார். சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது நீ ஆவலாக, "டப்பாவைப் பத்தி ஏதாவது கேட்டாளா?" என்றாய். "ஒண்ணும் கேக்கல" என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

பத்து நாள் கழித்து ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் முன்னிலையிலும் அறிக்கையைப் படித்தார். இந்த ஆசிரியை தாமே கண்டுபிடித்த விளையாட்டு என்று என்னைப் பற்றி இருந்தது. உன்னைப் பற்றி, போதிய முன்னேற்பாடு இல்லை என்று ஒரே வரி. நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தப்பாக விடை சொன்ன பெண் தானே திருத்திக்கொள்ளட்டும் என்று காத்திருப்பாயே, அந்தப் பார்வை. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும், சொல்லவில்லை. எனக்கு மைசூர், உனக்கு மலைநாட்டில் மலேரியாவுக்குப் பேர்போன ஒரு தாலூகா ஊர்.

கிளம்பும்போதுகூட டப்பாவைக் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துக் கடிதம் போட்டாய். "இங்கே பாதிப் பொண்களுக்கு ஜுரம். நாளைக்கு யார் வருவா, யார் வரமாட்டான்னு தெரியல்லை. அந்த டப்பா உனக்கு இப்போ வேண்டாம்னா அனுப்பறியா?"

வேண்டும்தான் எனக்கு. அந்த மாதம் இன்ஸ்பெக்ட்ரஸ் வேறு பள்ளிக்கூடத்து டீச்சர்களை என் வகுப்பைப் பார்க்க அழைத்து வருவதாக இருந்தது. டப்பா இல்லாமல் எதைக் காட்டுவது? அதே பொருள்களை வேறொரு டப்பாவில் போட்டு உனக்கு அனுப்பியிருக்கலாமே, ஒரு பிற்பகல் வேலை. அதுகூடத் தோன்றவில்லை எனக்கு. அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்று எழுதினேன். அடுத்த மாதம் உன் அண்ணா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "ஜுரம் நாலே நாள்தான், போயிட்டா. உங்களைப் பத்திதான் எப்பவும் சொல்லிண்டிருப்பா" என்றார். என் மேஜை மேல் உன் விலாசம் எழுதிய காகிதம் இருந்தது. டப்பாவை இன்னும் கட்டியிருக்கவில்லை.

இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில் நான் இருக்கிறேன். போன வாரம் கொள்ளேகாலத்திலிருந்து ஒரு பெண் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்தாள். நேற்று நல்ல மழை. இரண்டு வகுப்பை ஒன்றாக அவள் தலையில் கட்டிவிட்டார்கள். எழுதி வைத்த பாடம் ஒன்றும் ஓடாமல் பின்கட்டில் நின்று அழுதாள். அவளுக்காகத்தான் இன்று டப்பாவை இறக்கினேன். விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்து, "இது உங்க யோசனைங்களா டீச்சர்?" என்றாள்.

இல்லை என்றேன். உன் பெயரைச் சொன்னேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் உன் பெயரை நான் சத்தமாகச் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது! அவளுக்கு அது யாரோ ஒருத்தியின் பெயர். தலையாட்டிக்கொண்டு, "அவங்க இப்ப எந்த ஊர்ல இருக்காங்க?" என்று கேட்டாள்.

"எனக்குப் போட்டிருக்க வேண்டிய ஊருக்கு அவங்க போனாங்க" என்றேன்.

புரியாமல் நின்றாள். மணி அடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அலமாரி காலியாகிவிட்டது. அன்று சொன்ன அந்த 'ஆமாம்' மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை உன் எதிரில், அந்த அறிக்கையைப் படித்த அன்றே, எழுந்து நின்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.