சீனியும் சந்தனமும்

ஞாயிறு இரவு, தேனி.

புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் சின்னம்மா பயந்துபோய் காபிக்குச் சீனி போடுவதில்லை, சோறும் பாதிதான். "எடை கொறஞ்சா அடுத்த ஊசி கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக" என்று அம்மா போன் செய்தாள். காரணம் நான்தான். புற்றுநோய்க் கட்டி சர்க்கரையைப் பூசிக்கொண்டு ஒளிகிறது என்று போன மாதம் அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

இன்று ரயிலை விட்டு இறங்கி நேரே சின்னம்மாவிடம் போனேன்.

"அது நீங்க திங்கிற சீனி இல்ல சின்னம்மா. எல்லா செல் மேலயும் ஒரு சர்க்கரை இருக்கு. ரத்தத்துல காவல் சுத்துற கொல்லி செல் அதைத் தொட்டுப் பாத்து, நம்மாளுன்னு விட்டுரும். கட்டி அதையே கூடுதலாப் பூசிக்கிது."

"கூப்பிடாத கல்யாணத்துல கழுத்துல சந்தனத்தோட பந்தியில உக்காந்தா எவன் கேப்பான்? அப்படித்தான?"

"அதேதான்."

"ஏலே, அந்தச் சந்தனத்தைத் துடைக்க மருந்து இல்லியா?"

"எங்க லேப்ல அதான் பாக்குறோம். கண்ணாடித் தட்டுல வளக்கிற செல்லுல முடியுது. மனுசனுக்கு இன்னும் வரல."

"எப்ப வரும்?"

தெரியாது என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

சின்னம்மா, அடுப்படியில் இருந்த அம்மாவிடம், "அக்கா, காபிக்குச் சீனி போடு. இவன் துடைச்சு முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணும்ல" என்றாள்.

செவ்வாய்வரை இங்கே இருப்பதாகத்தான் வந்தேன். காலை வண்டிக்கே மதுரைக்கு, லேபுக்குப் போகிறேன்.