இடப்பக்கம் சாய்ந்த கழுத்து

டேய்,

இன்று காலை மாரெட்பள்ளியில் நம் வழக்கமான கடையில் முட்டை வாங்கினேன். கடைக்காரர் பழைய பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் சொல்லலாம் என்று இடப்பக்கம் திரும்பினேன். கழுத்து வெட்டி இழுத்தது. நீ போய்ச் சேர்ந்து பல மாதம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

சிரிப்புக்குக் காரணம் உனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டரைத் தூக்கப்போய் என் இடுப்பு பிடித்துக்கொண்டபோது, நீதான் என்னை அந்த ஆஸ்டியோபதி கிளினிக்குக்குக் கூட்டிப்போனாய். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது, கையாலேயே எலும்பையும் தசையையும் சரிசெய்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கையால் என்றதும் உன் புத்தி நேராக வேலூர்ப் பக்கம் ஓடிவிட்டது. உங்கள் ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் போகிறவர்கள் பற்றுப் போட முட்டையும், கட்டுக்குக் கிழிக்கப் பழைய வேட்டியும் கொண்டுபோவார்களாம். நீயும் கொண்டுவந்தாய். அந்த ஏ.சி. அறையில், டாக்டரம்மாவின் கம்ப்யூட்டர் பக்கத்தில் முட்டைகளைப் பத்திரமாக வைத்தாய். நம் மகள்களைவிடச் சின்னப் பெண் அவர். முட்டையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், "ஆம்லெட்டா அங்கிள்?" என்று தெலுங்கில் கேட்டார்.

அதற்கு முன்னால் கவுன்டரில் நீ நடத்திய விசாரணை வேறு. "ஒரு தடவைக்கு எவ்வளவு? எத்தனை தடவை வரணும்? இன்சூரன்ஸ்ல கிடைக்குமா? மொத்தமா முன்னாலயே கட்டுன்னா நக்கோ, வேணாம், இப்பவே சொல்லிட்டேன்." கவுன்டர் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் பார்த்து முடித்த பிறகு கட்டினால் போதும், இன்சூரன்ஸ் விஷயம் உங்கள் கம்பெனியைக் கேளுங்கள் என்றாள். எனக்கு மானம் போனது. ஆனால் உள்ளே போகும்போது பயம் இல்லை, கேட்கவேண்டியதையெல்லாம் நீ கேட்டுவிட்டாயே.

உள்ளே டாக்டரம்மா முதலில் தொடவே இல்லை, கேள்வியாகக் கேட்டார். பழைய அடி, ஆபரேஷன், சர்க்கரை, தூக்கம். நீ நாற்காலியை இழுத்துப்போட்டு, கேட்கிற வலது காதை அவர் பக்கம் கொடுத்து, எல்லாவற்றுக்கும் நீயே பதில் சொன்னாய். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் வழுக்கி விழுந்தது எனக்கே மறந்திருந்தது. அதற்கு அப்புறம்தான் என் இடுப்பில் கைவைத்தார். மறுநாள் உடம்பெல்லாம் நோகிறது என்று உனக்குப் போன் செய்தேன். "அவங்கதான் ஒருநாள் ரெண்டுநாள் வலிக்கும்னு சொன்னாங்களே. வலிக்கலைன்னாதான் காசு தண்டம்" என்று கத்தினாய். பிறகு ஒவ்வொரு முறை நான் வெளியே வரும்போதும் படியருகே நின்று ஒரே கேள்விதான் கேட்பாய். "எவ்வளவு வாங்கினாங்க? ஏத்தலையே?"

இன்று கழுத்து வலிக்காக அங்கே தனியாகப் போனேன். "முட்டை அங்கிள் வரலையா?" என்றார் டாக்டரம்மா. சொன்னேன். அவரே எனக்கு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

பிறகு சட்டையைக் கழற்றி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, இடது தோளும் இறங்கியிருக்கிறது என்றார். "போனை அந்தப் பக்கம் இடுக்கிப் பேசுவீங்களா?" இல்லை என்றேன். அப்புறம்தான் எனக்கே விளங்கியது.

சின்ன வயதில் சீழ் பிடித்து உன் இடது காது போய்விட்டது. அதனால் நான் எப்போதும் உன் வலப்பக்கம்தான் நடப்பேன். நீயோ என் தோள் உயரம். வேலையிலிருந்து திரும்பும்போதும், ஓய்வுபெற்ற பின் சாயங்கால நடையிலும், இத்தனை வருஷமாக உன் காதுக்குக் குனிந்து குனிந்தே பேசியிருக்கிறேன். உயரமாக வளர்ந்ததற்குத் தண்டனை என்று கேலி செய்வாயே, அதேதான்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கொஞ்சம் கொஞ்சமா நேராக்கிடலாம் அங்கிள்" என்றார்.

"வலி போனாப் போதும்மா. சாய்வு இருந்துட்டுப் போகட்டும்."

அவர் தலையாட்டினார். என்னைப் படுக்கவைத்து, மண்டைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. உன்னைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

பணம் கட்டிவிட்டுப் படியிறங்கினேன். வலி பாதி குறைந்திருந்தது. ஆட்டோ வேண்டாம் என்று நடந்தேன். நாலு கடை தாண்டுவதற்குள், பழகிய தலை தானாக இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே நீ வருகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏத்திட்டாங்கடா. ஆயிரத்து ஐநூறு" என்றேன்.

நீ "அநியாயம்" என்று சொல்வாய் என்று சற்று நேரம் அங்கேயே நின்றேன்.