முழங்கை அமுக்கிய சிரிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் குறட்டை எங்கள் இருவரையும்விட நலம். உன் நலத்தை வாராவாரம் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் ஒரு காரணமாகத்தான் இந்த முறை பேனாவை எடுத்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கதவோரம் போன மாதம் ஒரு பெட்டி மாட்டினார்கள். மூன்று பொத்தான், சிரிக்கும் முகம், உம்மென்ற முகம், அழும் முகம். வெளியே போகும்போதெல்லாம் வேலையில் மனநிறைவு எப்படி என்று ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டுமாம். மடித்த படுக்கை விரிப்புகளைக் கழுத்துவரை சுமந்து வருகிறவளுக்குக் கை ஏது? உன் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள், முழங்கையால் ஒரே இடி. சிரித்த முகம் கதவுப் பக்கம் இருந்ததால் இடியெல்லாம் அதிலேயே விழுந்தது. எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, 'முழங்கை ஓட்டு' என்று பெயரும் வைத்தேன், தினமும் ஒரே கூத்து. மாதக் கடைசியில் பார்த்தால் ஆஸ்பத்திரியிலேயே அதிக மனநிறைவு எங்களுக்குத்தானாம், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு!

கூத்து அன்றைக்கே அடங்கியது. இஸ்திரி மெஷினில் நிற்கிற ஒல்லிப் பெண், குண்டூசி என்று கூப்பிடுவோமே, காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று நீ கூடச் சிரிப்பாயே, அவள்தான், சூட்டில் மூச்சு முட்டுகிறது, மடிக்கிற மேசைக்கு மாற்றுங்கள் என்று கேட்கப் போனாள். சூப்பர்வைசர் அந்தக் கணக்கைக் காட்டி, "எல்லாரும் சிரிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்னம்மா?" என்றாராம். திரும்பி வந்து மறுபடியும் மெஷின் முன்னால் நின்றாள். என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் முழங்கை உண்மையைச் சொன்னேன். "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார். கொஞ்சம் பிடியுங்கள் சார் என்று பதினைந்து விரிப்பை அவர் கையில் ஏற்றினேன், வெளியே வைத்துவிட்டு வாருங்கள், பொத்தானை மறக்காதீர்கள் என்றேன். என்னை முறைத்துக்கொண்டே போனார், கதவில் தடுமாறினார், முழங்கையால் ஒரு இடி, டிங்! மனிதர் கடுகடுவென்று நிற்கிறார், பெட்டியில் அவர் கணக்கிலும் ஒரு சிரிப்பு.

குண்டூசி இப்போது என் பக்கத்தில் மடிக்கிறாள். சூப்பர்வைசர் ஒரு நோட்டோடு வந்து வேலையில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று ஒவ்வொருவரையாகக் கேட்கிறார். என் முறையும் வந்தது, நம்புவாயா? இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. விரிப்பை உதறும்போது நாலு மூலையும் விறைத்து நிற்கிற அந்த நொடி பிடிக்கும், கால்வலி பிடிக்காது, அந்த விரிப்பில் நோயாளி நிம்மதியாகப் படுப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை, அது ஒரு குறை என்றேன். எழுதிக்கொண்டார்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். வேலை எப்படி என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே "சூப்பர்ம்மா" என்கிறாய். முழங்கைச் சத்தம் எனக்குத் தெரியாதா கண்ணு? கையில் என்ன சுமக்கிறாய் என்று எழுது, பிடித்ததும் பிடிக்காததும். நேரத்துக்குச் சாப்பிடு, மூக்குக்கண்ணாடியை மாற்று. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நிஜமாகவே நன்றாக. பதில் கடிதமாகவே வரட்டும், போனில் சொன்னால் செல்லாத ஓட்டு.

இப்படிக்கு,
இரண்டு கையும் காலியாக வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா