பரணியில் இருந்த மாவு

1958 ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து சாரல். விறகை உள்ளே எடுத்து அடுக்கினேன். பாதி நனைந்துவிட்டது.

அவர் போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள். இது அவர் வாங்கின டைரி. ஏப்ரல் கடைசியோடு அவர் எழுத்து நிற்கிறது. மீதித் தாள் வெறுமனே கிடக்கிறது. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கோணினாலும் யார் பார்க்கப் போகிறார்கள்.

பால்காரர் சொன்னார், குற்றாலத்தில் தண்ணீர் விழுதாம். பங்களாக்களில் ஆள் வந்தாச்சாம். "ரொட்டிக்காரர் வரலையான்னு கேக்காவ ஆச்சி." நான் செம்பை நீட்டினேன்.

வாசுதேவநல்லூர் அண்ணன் கடுதாசி. 29ம் தேதி ஞாயிறு வருகிறாராம், என்னைக் கூட்டிப் போக. இந்த வீட்டை ஒரு சைக்கிள் கடைக்காரருக்குப் பேசி முடிக்கப் போகிறாராம். 'ஒத்தையில அந்த ரொட்டி அடுப்பை வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற' என்று எழுதியிருக்கிறார்.

தெரியவில்லை. பதில் போடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு படி மைதா பிசைந்தேன். புளித்த மோர், கொஞ்சம் சர்க்கரை. ஈரத்துணி போட்டு மூடி சாயங்காலம் வரை வைத்தேன். எழவே இல்லை. இருந்தாலும் சுட்டேன். செங்கல்.

உறை மாவு இல்லாமல் எப்படி எழும். பாலுக்கு உறை மோர் மாதிரி, ரொட்டிக்கு முந்தின நாள் மாவில் ஒரு உருண்டை. கொழும்பில் ரொட்டிக் கடையில் பதினோரு வருசம் இருந்துவிட்டு வந்தபோது, ஈரத்துணியில் சுற்றி தகர டப்பாவில் வைத்து, கப்பலில் அதைக் கொண்டு வந்தார். எனக்குச் சேலை கொண்டு வரவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அதிலிருந்து பத்தொன்பது வருசம் அது பீங்கான் பரணியில். தினமும் கொஞ்சம் மாவு, கொஞ்சம் தண்ணீர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பரணி கூட வரும். எல்லாரும் சிரிப்பார்கள்.

இப்போது பரணி கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அவர் போன அன்றைக்கு, அச்சன்புதூரிலிருந்து வந்த மதினி, அவருடைய அக்கா, வீட்டிலிருந்த தண்ணீர், சோறு, குழம்பு, தோசை மாவு எல்லாம் கொட்டினாள். சாவு வீட்டில் எங்கள் பக்கம் அப்படித்தான். பரணியையும் கொட்டிவிட்டாள்.

ஜூன் 18

எலி. சோப்பு இல்லை. கால் வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

மதினி வந்தாள். வாழைக்காய், முருங்கைக் கீரை. நேரே கொல்லைக்குப் போய் அடுப்பைப் பார்த்தாள்.

"ஏட்டி, எரிஞ்ச மாதிரி இருக்கு?"

"சும்மா பாத்தேன் மதினி."

"வருசம் திரும்பல. அதுக்குள்ள வியாபாரமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு ரொட்டிதான் கேக்கு."

தட்டில் கிடந்த ரொட்டியை எடுத்து ஒரு கடி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "இதையா கேக்கு? இதை வச்சி ஆட்டுரலுக்கு முட்டுக் குடுக்கலாம்ட்டி."

சிரித்துவிட்டேன். அவளும். பிறகு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். கீரை ஆய்ந்தோம். பரணி பேச்சு வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

விடாத மழை. கொல்லைக்குப் போக முடியவில்லை. உட்கார்ந்து அவர் சொன்னதெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ரொட்டி என்றால் ஒரு ரொட்டி இல்லை என்பார்.

கொழும்புப் பாண். மேலே முறுகல், உள்ளே பஞ்சு. அவர் சுட்டது அதுதான்.

வெள்ளைக்காரர் ஊரில் ஒரு கறுப்பு ரொட்டி. குளிருக்கு அங்கே கோதுமை சரியாக வராதாம், வேறு தானியம். புளிக்குமாம். பங்களா துரைசாணி ஒருத்தி இவர் ரொட்டியை மோந்து பார்த்து, எங்க அம்மா வீடு மாதிரி இருக்கு என்றாளாம்.

ரங்கூனில் 'நான்' என்று ஒரு ரொட்டி. வடகரை ராவுத்தர் சொன்னது. பானை மாதிரி அடுப்பு, உள்சுவரில் மாவை அப்பிச் சுடுவது. கை வேகாதா என்று கேட்டேன். "முடிதான் பொசுங்கும்" என்று முழங்கையைக் காட்டினார்.

சேட்டு வீட்டம்மா சுடுவது மெல்லிசு. புளிக்கவே வைப்பதில்லை. தணலில் போட்டால் தவளை மாதிரி உப்பும். எடுத்ததும் அமுங்கும்.

வேதக்கோயில் பூசையில் கொடுக்கிற அப்பம், தாள் மாதிரி. அதுவும் புளிக்காததுதான்.

மலையாளத்தார் அப்பம். அரிசி. கள் விட்டுப் புளிக்க வைப்பது. இங்கே கள்ளை நிறுத்தி எத்தனையோ வருசம். ஆனால் குற்றாலம் பங்களாவில் சமைக்கிற ஏலியாம்மா இப்போதும் அப்பம் சுடுகிறாள், பஞ்சு மாதிரி. ஒரு தடவை இவர் கொண்டு வந்து தந்தார்.

எதை விட்டுப் புளிக்க வைக்கிறாள்? கேட்க வேண்டும்.

ஜூன் 21, சனி

போனேன். எதிர்வீட்டம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இந்தக் கோலத்தோடு எதிரே வந்தேன் என்று. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வசதியாகத்தான் இருந்தது.

பங்களா பின்வாசல். ஏலியாம்மாவுக்கு விசயம் தெரியாது. புனலூர்க்காரி, வருசம் முழுக்க அந்தப் பங்களாவிலேயே இருப்பவள். "ரொட்டிக்காரர் எவிடெ? ஆளைக் கண்டில்லல்லோ."

சொன்னேன். ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்து எனக்கு ஒரு அப்பம் ஊற்றித் தந்தாள். கள் எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன்.

"கள்ளா? இது உங்க ஆளு தந்த மாவாக்கும். ரெண்டு வருசமாச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி எடுத்து வைப்பேன், அதுல அடுத்த மாவு."

செங்கோட்டை ஓட்டல்காரர் வந்து வந்து கேட்டும் இவர் கொடுக்காத மாவு.

"ஒரு மழையில சைக்கிள்லேர்ந்து விழுந்து, முட்டியெல்லாம் சோர, ரத்தம். மருந்து கட்டி விட்டேன். மறுநாள் இலையில பொதிஞ்சு கொண்டு வந்தாரு. பூட்டி வைக்காத, தினம் தீனி போடுன்னு சொன்னாரு."

வீட்டில் வந்து கல் தடுக்கிவிட்டது என்றார். சைக்கிள் என்று சொல்லவில்லை. மாவு கொடுத்ததையும் சொல்லவில்லை. இரண்டு வருசம். கோபப்படலாம் என்று பார்த்தேன். அதற்கும் தெம்பு வேண்டும்.

"சேச்சி, எனக்கு ஒரு பிடி தருவியளா?"

"இது உங்களோடது இல்லியோ" என்றாள். கோப்பையில் போட்டு வாழையிலையால் மூடிக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தேங்காய் வாசம். அவருடைய மாவுக்கு அந்த வாசம் கிடையாது. ஆனால் அடியில் அந்தப் புளிப்பு.

ஜூன் 23, திங்கள்

முந்தாநாள் வந்ததுமே பரணியைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்தேன். மைதா, வெதுவெதுப்பான தண்ணீர், அந்தப் பிடி. நேற்று சும்மா கிடந்தது. இன்று சாயங்காலம் ஒரு குமிழ். ஒன்றுதான்.

ஜூன் 24

பாதியை எடுத்துப் போட்டுவிட்டுப் புது மாவு சேர்த்தேன். அவர் அப்படித்தான் செய்வார். குமிழ் ஏழெட்டு. சாரல் குளிருக்கு அடுப்படியில் வைத்து என் பழைய சேலையைச் சுற்றினேன்.

ஜூன் 25, புதன்

இதை எழுதிவிட வேண்டும்.

மதினி அன்றைக்குக் கேட்டாள். பரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஏட்டி, இதையுமா?" நான் தலையாட்டினேன். அவரே போனபிறகு அது எதற்கு என்று இருந்தது. அவளுக்கு மனசில்லை, இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் ஆட்டினேன்.

பால்காரரிடம் மதினி கொட்டிவிட்டாள் என்று சொன்னேன். அண்ணனுக்கும் அப்படித்தான் எழுதினேன். இந்த டைரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவள் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

எழுந்துவிட்டது. துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. எட்டு ரொட்டி சுட்டேன். ஒரு பக்கம் கருகல், ஒன்றின் நடுவில் விரல் போகிற ஓட்டை. அவர் பார்த்தால் மாட்டுக்குப் போடு என்பார். ரொட்டிதான்.

ஒன்றைப் பிய்த்துத் தின்றேன். அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

ஜூன் 28

மூன்று ரொட்டி ஏலியாம்மாவுக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். பங்களாக்காரர்கள் நாளை மறுநாளிலிருந்து தினம் ஆறு கேட்கிறார்களாம். கருகாமல்.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் பத்து மணி பஸ்ஸில் வந்தார். வழியில் மதினியையும் பார்த்துக் கூட்டி வந்துவிட்டார், எனக்கு எடுத்துச் சொல்ல.

"சாமான் ஒண்ணும் கட்டலையா?"

"இல்லண்ணே."

"சைக்கிள் கடைக்காரரு நாளைக்குச் சாவி கேப்பாருட்டி."

காப்பியும் ரொட்டியும் வைத்தேன். இரண்டு துண்டு தின்றார். மூன்றாவதையும் எடுத்தார். "மச்சான் சுடுறதுல உப்பு இன்னுங் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார். "சரி. தீவாளி வரைக்கும் இருந்து பாரு" என்றார். அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார், ஒரு ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு.

மதினி கிளம்பும்போது தூக்குவாளியில் பாதி உறை மாவைப் போட்டுக் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குட்டி? எனக்கு ரொட்டி சுடத் தெரியுமா?"

"சுட வேண்டாம் மதினி. தினம் ஒரு பிடி மாவு, கொஞ்சம் தண்ணி. அம்புட்டுதான்."

"அதான் எதுக்குங்கேன்."

"இந்த வீட்டில ஒண்ணு நடந்தா இதைக் கொட்டத்தானே செய்வாவ. அங்கன கொஞ்சம் இருக்கட்டும்."

வாளியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கி நான்தான் தலையாட்டினேன். அண்ணன்ட்ட மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்ட்டி." வாளியை மறுபடியும் எடுத்தாள். "நான் செத்தா?"

"இங்கன இருக்கும்."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம் முகத்தை எடுக்கவில்லை.

"தம்பி சட்டை வாடை" என்றாள்.