கல்யாணத் திரைக்குப் பின்னால் ஒரு கடல் சாமந்தி

கரா-பால்டா,
ஏப்ரல் 6

அன்புள்ள உலான் அண்ணாவுக்கு,

உன் தங்கை ஜிபார் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். கொரியாவில் குளிர் விட்டதா? பக்கத்து வீட்டு ஷாயிர் அத்தையின் மகள் வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறாள். அவளிடம் இந்தக் கடிதத்தையும், அம்மா தயிரை உருட்டிக் காயவைத்த குருத் ஒரு பையும் கொடுத்திருக்கிறேன்.

போனில் சொல்வதற்கு என்ன என்பாய். போன் வந்தால் எல்லாரும் முண்டியடிக்கிறார்கள். என் முறை வரும்போது எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் சிரிக்காதே.

அண்ணா, நாங்கள் உன்னிடம் ஒரு பொய் சொன்னோம். போன மாதம் நீ கேட்டபோது, "புது விளக்குல ஜோரா இருக்குடா" என்று அம்மா சொன்னாள். நான் போனைத் தள்ளிப் பிடித்து மீன் தொட்டியைக் காட்டினேன். பேர்தான் பூ, அதுவும் மீன் மாதிரி உயிருள்ள பிராணிதானே; அன்று உன் கடல் சாமந்தி சாகக் கிடந்தது.

பழைய குழல் விளக்கு அதற்குப் போதவில்லை என்று நீ சொன்னது சரிதான். வெளிறிப்போய், ஒளிக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தது. நீ அனுப்பிய விளக்கை அப்பா சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார். ஒளியைக் கூட்டிக் குறைக்க அதில் திருகு இல்லை. நீலத்துக்கு ஒரு பொத்தான், வெள்ளைக்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கொரியாவிலிருந்து விளக்கு வந்த சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. முதல் தடவை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? தலைக்குட்டையும் மிட்டாயுமாகக் கொருண்டுக் எடுத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். ஷாயிர் அத்தை மட்டும் மூன்று தடவை. "ஏண்டி, கொருண்டுக் குடுத்துட்டு இருட்டையா பார்க்கச் சொல்ற? போடு!" என்றாள். பொத்தானை அழுத்தினேன். காலையில் போட்ட விளக்கு சாயங்காலம்தான் அணைந்தது.

மறுநாள் அது வால்நட் அளவுக்குச் சுருங்கியிருந்தது. உள்ளே குடியிருந்து அதற்குச் சோறு சமைக்கும் பாசியைப் பழுப்பு நூலாகத் துப்பியிருந்தது. பாறையை விட்டுவிட்டு மோட்டார் பக்கம் ஊர்ந்தது. தண்ணீரோடு அதையும் இழுத்துவிடாமல் இருக்க மோட்டார் வாயில் ஸ்பாஞ்சைக் கட்டினேன். கோமாளி மீன் இரண்டும் வீடு தொலைத்தவர்கள் மாதிரி ஒரு மூலையில் நின்றன.

அப்பா பழைய விளக்கையே மாட்டச் சொன்னார். அதில் பட்டினி, இதில் தீப்புண். பிஷ்கெக் வளர்ப்பு மீன் கடைக்கார வித்தாலிக்குப் போன் செய்தேன், நானே. என் குரல் கேட்காமல் மூன்று தடவை "யாரும்மா?" என்றார். பிறகு, "விளக்கு நல்ல விளக்குதான். கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். அவசரப்பட்டுட்டீங்க" என்றார்.

எப்படிப் பழக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அண்ணி வந்து பார்த்தாள். கொரியா போவதற்கு முந்தைய அந்த இலையுதிர் காலத்தில் நீ அண்ணியையும் இதையும் ஒரே மாதத்தில் கொண்டுவந்தாய். அம்மா இன்னும் "என் ரெண்டு மருமகள்" என்றுதான் சொல்கிறாள். அண்ணி என்னிடம், "என்னை மட்டும் மூணு நாள் திரைக்குப் பின்னால உட்காரவச்சீங்க. இவளை வந்த அன்னிக்கே தெருவுக்குக் காட்டினா சுருங்காம என்ன பண்ணுவா?" என்றாள். பெட்டியைத் திறந்து தன் கல்யாணத் திரையை எடுத்து வந்தாள். அம்மா, "ஐயோ, பெர்மெத், உப்புத் தண்ணி பட்டா வீணாப்போயிடுமே!" என்று பதறினாள். "அவளும் மருமகதானே அத்தை" என்றாள் அண்ணி.

திரையை நான்காக மடித்து, விளக்குக்கும் தொட்டிக்கும் நடுவே கட்டினோம். வாரம் ஒரு மடிப்பைக் குறைத்தோம். வருகிறவர்களை அண்ணி வாசலிலேயே நிறுத்தினாள்: "பொண்ணு திரைக்குள்ள இருக்கா, அப்புறம் வாங்க." இரண்டாவது மடிப்பு போனதும் அது பாறையைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது போனதும், என் இரண்டு கை அளவுக்கு விரிந்தது. உடம்பில் பழைய பழுப்பு திரும்பிவிட்டது. நுனிகளில் மட்டும் ரோஜா நிறம். நான் கொடுத்த இறால் துண்டை நேற்று வாங்கிக்கொண்டது. கோமாளி மீன்கள் அதற்குள்தான் தூங்குகின்றன.

இன்னும் ஒரு மடிப்பு இருக்கிறது. அதையும் எடுத்துவிடலாம் என்கிறார் வித்தாலி. அண்ணி விடவில்லை. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கலாம் என்று நினைப்பதாக நீ சொன்னாயே, அன்று அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தொட்டி பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கட்டினது நாம. அவிழ்க்க வேண்டியவர் வந்து அவிழ்க்கட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நல்ல சேதி சொன்னவளுக்குச் சுயுஞ்சுப் பரிசு உண்டு, மறக்காதே. எனக்குப் பொருள் எதுவும் வேண்டாம். தயவுசெய்து இன்னொரு விளக்கை அனுப்பிவிடாதே. அந்தத் திரை மெல்லியது அண்ணா, உப்பில் நாளாக நாளாக இற்றுப்போகும்.

கைகளைச் சூடாக வைத்துக்கொள். உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், வீட்டுப் பக்கம் திரும்பியதாக இருக்கட்டும்.

உன் தங்கை,
ஜிபார்