பல்லி கத்தியது எந்தப் பக்கம்

இன்று காலை பல்லி கத்தியது. "எந்தப் பக்கம்மா?" என்று மாமியார் கேட்டார். நான் சுவரைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த மகளைப் பார்த்தேன். ஏழு மாதம். தலையைக்கூட அசைக்கவில்லை. இவளுக்குக் காது கேட்கிறதா என்று பத்து நாளாக எனக்கு ஒரே பயம். தட்டில் கரண்டியால் தட்டினாலும் திரும்புவதில்லை. பதினோரு மணிக்குத் தஞ்சாவூரில் டாக்டர். பூதலூரில் பஸ் ஏறியதிலிருந்து உன் நினைப்புதான்டி.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக ஹாஸ்டல் பல்லியைப் பிடித்து, ஒரு காதில் டார்ச் அடித்தாய். மறு காதில் வெளிச்சம் தெரிந்தது. "உன்னை மாதிரியேடி, லெக்சர் உள்ள தங்குறதே இல்ல" என்றாய். பல்லிக்கு இரண்டு காதும் வாய் வழியாக ஒன்றுக்கொன்று திறந்திருக்கும். ஒரு பக்கத்துச் சத்தம் உள்ளே புகுந்து மறுபக்கச் செவிப்பறையையும் பின்னாலிருந்து தள்ளும். அதனால் சத்தம் வந்த பக்கம் அதிகமாக ஆடும், மற்றது குறைவாக. அந்த வித்தியாசத்தை வைத்தே அதன் மூளை திசையைப் பிடித்துவிடும். அவ்வளவு சின்ன மூளை.

அந்தப் படிப்பை நீ வெளியில் காட்டியது ஒரே தடவை, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. பல்லி கத்தியதும் மாமியார் திசை கேட்டார். சித்தப்பா சமையலறையைக் காட்டினார், மாப்பிள்ளை வீட்டார் வாசலைக் காட்டினார்கள். பேச்சு தடித்தது. நீ எழுந்து, ஏதோ ஆராய்ச்சிக்குக் கேட்பதுபோல, அன்றைக்கு எது நல்ல திசை என்று விசாரித்தாய். கிழக்கு என்றார்கள். கண்ணை மூடித் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துவிட்டு, "கிழக்குதாங்க அத்தை" என்றாய். சர்ச் கொயரில் பாடுகிற பெண்ணின் காது தப்பாது என்று மாமியார் உடனே தட்டை மாற்றச் சொல்லிவிட்டார். அப்புறம் மாடிப்படியில் வைத்து, "எனக்கு எங்கடி தெரிஞ்சுது?" என்றாய். என் கல்யாணமே உன் பொய்யில் நிற்கிறது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

டாக்டரம்மா குழந்தைக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். இடமும் வலமும் டக்கென்று திரும்பினாள். வீட்டில் எப்படிப் பார்த்தேன் என்று கேட்டார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை தட்டில் தட்டியதைச் சொன்னேன்.

"அவளுக்குச் சலிச்சுப் போச்சும்மா. நானா இருந்தாலும் திரும்ப மாட்டேன்."

இதைக் கேட்டுச் சிரிக்க நீதான் வேண்டும். உன் அடக்கத்துக்குக்கூட நான் வரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி போகக் கூடாது என்று யாரும் விடவில்லை. அதனால்தான் ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன்.

பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, பூக்கடைப் பக்கமிருந்து மூக்கில் போய் முடிகிற ஒரு சிரிப்பு. திசையில் சந்தேகமே இல்லை. யாரோ ஒரு காலேஜ் பெண். உன் சிரிப்பு மாதிரி எங்கே கேட்டாலும் இன்னும் திரும்பிவிடுகிறேன். இடுப்பில் இருந்தவள் எனக்கு முன்பே திரும்பியிருந்தாள். பூதலூர் பஸ் வந்தது. அந்தப் பெண் இன்னொரு தடவை சிரிக்கட்டும் என்று இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.